மேலே போகப் போக இறங்கிய சுருதி

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். கடலோரத்து ஆராய்ச்சி வளாகம் ஒன்றில், கருவிகள் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை. ஒரு வால்வு திறக்காமல் போனால் என்ன ஆகும், திறந்தது மூடாமல் போனால் என்ன ஆகும், இரண்டையும் காட்டிக்கொடுக்க வேண்டிய மீட்டரே பொய் சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாலையில் ஆபீஸ் பஸ்ஸில் மாமல்லபுரம் வந்து இறங்கும்போது அந்தப் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்? கேஸ் ரெகுலேட்டரை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிற ஆள் நான். என் கணவர் அதைச் சொந்தக்காரர்களிடமெல்லாம் நடித்துக் காட்டிச் சிரிப்பார்.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. நாவலூர் ஆபீஸ் கேண்டீனில் நின்றிருந்தவர், இடது கையிலிருந்து தட்டு நழுவியதே தெரியாமல் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் உடனே கொண்டுபோனதால் உயிர் தப்பியது, பேச்சும் தப்பியது. இடது கால் கொஞ்சம் இழுக்கும். இடது கை விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அவருடைய சொந்த ஊர் செங்கல்பட்டுக்குப் பக்கம், அண்ணன் தம்பிகள் எல்லாம் அங்கேதான். அதனால் வைத்தியமும் செங்கல்பட்டிலேயே தொடர்ந்தது. மூன்றாவது முறை போனபோது, அவர் உள்ளே கைக்குப் பயிற்சி செய்துகொண்டிருக்க, டாக்டர் என்னை மட்டும் வராந்தாவில் நிறுத்தினார்.

"அடி பட்டது வலது பக்க மூளையிலம்மா. சில பேருக்கு இதுல பாட்டு கேக்கற விதம் மாறிடும். சுருதி பிடிபடாம போகும். சார் மியூசிக்ல இன்ட்ரஸ்ட் உள்ளவர்னு சொன்னீங்க. ஏதாவது வித்தியாசமா சொன்னார்னா என்கிட்ட சொல்லுங்க."

தலையாட்டினேன். அவரிடம் இதைச் சொல்லவில்லை. கை போனதைத் தாங்கிக்கொண்டார். காதும் போகலாம் என்று எந்த வாயால் சொல்வது?

அவருக்கு மியூசிக் என்றால் கச்சேரி இல்லை, சினிமாப் பாட்டு இல்லை. மாடுலர் சிந்தசைசர் என்று ஒன்று. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஒரு மரப்பெட்டி, அதில் வரிசையாகக் குமிழ்கள், ஓட்டைகள், ஓட்டைக்கு ஓட்டை தொங்கும் கலர் கலரான வயர்கள். ஒரு பலகை ஒலியை எழுப்பும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று தாளம் தரும். எல்லாவற்றையும் வயரால் கோத்தால்தான் சத்தம் வரும். எட்டு வருடமாக ஒவ்வொரு பலகையாகச் சேர்த்தார். அடிநாதமாக ஒரு சத்தத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் மேல் இன்னொரு சத்தத்தில் மெதுவாக ஏறி ஏறி இறங்குவார். எனக்குச் சுருதி ஞானம் சுத்தமாகக் கிடையாது. கல்யாண வீட்டில் வாழ்த்துப் பாடச் சொன்னால் சமையற்கட்டுக்கு ஓடிவிடுவேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தச் சத்தம் கேட்டால், வீட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தோன்றும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து மாதம் அந்தப் பெட்டியின் மேல் துணி கிடந்தது. வலது கையால் வாசித்துக்கொண்டே இடது கையால் குமிழைத் திருப்பிப் பழகியவர் அவர். ஒருநாள் காலை இட்லி தின்றுகொண்டிருக்கும்போது கேட்டார்.

"ஏம்மா, நீ பெரிய இன்ஜினியரு தான? எனக்கு கை ஒண்ணுதான் கீது. அதுக்கேத்த மாதிரி ஒரு பொட்டி செஞ்சி குடேன்."

பெரிய பெரிய பொத்தான்கள் இரண்டு வரிசை. கீழ்வரிசையில் கீழ்ச் சுரங்கள், மேல்வரிசையில் மேற்சுரங்கள். ஒன்றைத் தட்டினால் அடுத்ததைத் தட்டும்வரை அந்தச் சுரம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் அதே கையால் போய்க் குமிழைத் திருப்பலாம். கேட்க எளிது. உள்ளே ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு போதும். வெற்றிலை அளவுகூட இருக்காது.

சிக்கல் எங்கே என்றால், அந்தச் சின்ன போர்டு 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சிந்தசைசரோ பன்னிரண்டு வோல்ட் பிளஸ், பன்னிரண்டு வோல்ட் மைனஸ் இரண்டிலும் ஓடுவது. தாளத் துடிப்பு பெட்டியிலிருந்து போர்டுக்கு வர வேண்டும், சுரம் போர்டிலிருந்து பெட்டிக்குப் போக வேண்டும். நேராக வயரைச் சொருகினால் போர்டு அந்த நொடியே செத்துப்போகும். என் பக்கம் ஏதாவது தப்பு செய்தால் அவருடைய எட்டு வருடப் பெட்டியில் ஏதாவது போகும். நடுவில் ஒரு காவல் வேண்டும். காவல் போடுவது எனக்குக் கைவந்த கலை ஆயிற்றே, மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன்.

உள்ளே வரும் வழியில் ஒரு ரெசிஸ்டர், இரண்டு டயோடு. அளவுக்கு மேல் வருகிற வோல்டேஜை டயோடு வேறு பக்கம் திருப்பி விட்டுவிடும். முதல் நாள் சொருகிப் பார்த்தபோது நன்றாகத்தான் வேலை செய்தது. சோதனை முடிந்து போர்டின் யூஎஸ்பி வயரைப் பிடுங்கினேன். போர்டில் இருந்த பச்சை விளக்கு அணையவில்லை. மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. கரண்ட் இல்லாத போர்டில் விளக்கு! டயோடு திருப்பிவிட்ட மிச்ச வோல்டேஜ் போர்டின் மின்பாதைக்குள்ளேயே போய் அதை எழுப்பிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனது. ரெசிஸ்டரைப் பெரிதாக்கினேன். மின்பாதைக்குத் தனியாக, வோல்டேஜை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாத ஜீனர் ஒன்றைப் போட்டேன். இரண்டு பக்கத்தையும் பிரித்து வைக்க நடுவில் ஒரு பஃபர். போர்டு தருகிற சுரத்தை ஐந்து வோல்ட் வரை உயர்த்திக் கொடுக்க ஒரு சில்லு. அப்புறம், இருக்கட்டும் என்று வெளியே போகிற வழியிலும் ஒவ்வொரு கோட்டிலும் ஒன் கே, அதாவது ஆயிரம் ஓம், ரெசிஸ்டர் ஒன்றை வைத்தேன்.

அந்த ஒன் கே எதற்கு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஒரு வயரைத் தவறான ஓட்டையில் சொருகிவிட்டால், இரண்டு வெளிவாசல்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எரிந்து போகக்கூடும். ரெசிஸ்டர் இருந்தால் பிழைத்துவிடும். அதைப் போடுவது வழக்கம்தான். ஆனால் நான் வழக்கத்துக்காகப் போடவில்லை. அவர் தவறாகச் சொருகிவிடுவார் என்று நினைத்துப் போட்டேன். கேட்டிருந்தால் இல்லை என்று சாதித்திருப்பேன்.

பொத்தான் பெட்டியை அவர் முன்னால் வைத்த அன்று, கீழே சிற்பப் பட்டறையில் கல் அறுக்கிற கிரைண்டர் நிற்கும்வரை காத்திருந்தார். பிறகு அடிநாதத்தை எழுப்பிவிட்டுக் கீழ்வரிசையில் ஒவ்வொன்றாகத் தட்டினார். அவர் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மாதத்தில் அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை. மேல்வரிசைக்குப் போனார். ஒன்றைத் தட்டினார், நிறுத்தினார், மறுபடி தட்டினார்.

"சுருதி எறங்குது."

"எதுங்க?"

"கீழ சரியா கீது. மேல போவ போவ எறங்கிகினே போவுது."

வராந்தாவில் டாக்டர் சொன்னதுதான் காதில் ஓடியது. "எனக்குச் சரியாத்தாங்க கேக்குது" என்றேன். எனக்கு எதுவுமே சரியாகக் கேட்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றிலிருந்து அவரை வேவு பார்க்க ஆரம்பித்தேன். வேறு வார்த்தை இல்லை. போனில் பியானோ வாசிக்கிற ஆப் ஒன்றை இறக்கிவைத்து, துணி மடிக்கிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு சுரத்தைத் தட்டி, "இதுல எதுங்க மேல?" என்று கேட்டேன். சொன்னார். இன்னும் இரண்டைத் தட்டினேன். அதையும் சொன்னார். மூன்றாவது முறை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா, பரீட்ச வெக்கிறியா?"

"சும்மாதாங்க."

"பேஜாரு பண்ணாத. போ."

சொன்ன இரண்டும் சரிதான். ஆனால் இரண்டு பதில் எதற்குப் போதும்? இன்னொரு நாள் கீழே கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, "கரண்டு கம்மியா வருது பாரு, மிஷினு இன்னிக்கு எறங்கிக் கத்துது" என்றார். போய் ஸ்டெபிலைசரைப் பார்த்தேன். வோல்டேஜ் குறைந்துதான் இருந்தது. ஏதோ குருட்டாம்போக்கில் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன். மற்றவர் கொண்டுவந்து கொடுக்கிற அளவை இப்படி ஒதுக்கியிருந்தால் ஆபீஸில் எனக்கு மெமோ வந்திருக்கும்.

அவர் விடவில்லை. தினமும் மேல்வரிசை, தினமும் அதே புகார். ஒருநாள் எனக்கே பொறுக்கவில்லை. வேலைக்குப் போகிற அவசரம் வேறு. பொத்தான் பெட்டியிலிருந்து சிந்தசைசருக்குப் போகிற வயரைப் பிடுங்கினேன். கரண்ட் ஓடுகிற இணைப்பில் மீட்டர் முனையை விடமாட்டேன், வழுக்கி எதையாவது தொட்டுவிட்டால்? வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் அளப்பேன். கடைசிப் பொத்தானைத் தட்டி, மீட்டரை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"பாருங்க. அஞ்சு வோல்ட் வரணும். அஞ்சுதான் வருது. மிஷின் சரியா இருக்குங்க."

அவர் மீட்டரைப் பார்த்தார். "சரி" என்றார். "மிஷினு சரியாத்தான் கீது."

அதற்குப் பிறகு அவர் மேல்வரிசையைத் தொடவில்லை. கீழ்ப் பொத்தான்களிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். ஒரு வாரத்தில் அதுவும் குறைந்தது. தலைவலி என்றார், கால் வலி என்றார். அந்தப் பக்கம் போகும்போது பெட்டியைப் பார்க்காமல் போகப் பழகினார். நான் செங்கல்பட்டு டாக்டருக்குப் போன் போட்டு வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கினேன். அவரிடம் வழக்கமான செக்கப் என்று சொன்னேன். அவரும் வழக்கமான செக்கப் என்று நம்பியது மாதிரி இருந்தார்.

புதன்கிழமை காலை ஆபீஸில் ஒரு சக ஊழியர் ஒரு சர்க்யூட் கார்டைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். "மேடம், இங்க அளந்தா கரெக்டா காட்டுது. ஃபீல்டுல மாட்டுனா குறைச்சுக் காட்டுது. என்னன்னே புரியல."

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "லோடு போட்டு அளந்தீங்களா?" என்று கேட்டேன்.

பத்தொன்பது வருடமாக நான் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி இது. என் முதுகுக்குப் பின்னால் இதைச் சொல்லிக் கேலி செய்கிறார்கள் என்பதும் தெரியும். எதிலும் மாட்டாமல் வெறுமனே அளந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பக்கம் ஒன்று இழுக்கும்போதுதான் குறைவது தெரியும். கேள்வியைக் கேட்டுவிட்டு நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அந்த ஊழியர் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கையில் இருந்த தாளின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். என் ரெசிஸ்டர் ஒன் கே. அந்தப் பக்கம் சிந்தசைசர் இழுப்பது நூறு கே. நூற்றி ஒன்றில் ஒரு பங்கு நடுவிலேயே தின்னப்படும். ஒரு வோல்ட்டில் தெரியாது. ஐந்து வோல்ட்டில் 0.05 குறையும். சிந்தசைசருக்கு ஒரு வோல்ட் என்றால் பன்னிரண்டு சுரம். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே பாதி தூரத்துக்கும் மேலே இறங்கியிருக்கும். கீழே சரியாக இருக்கும், மேலே போகப் போக இறங்கும். என் கணவர் வார்த்தைக்கு வார்த்தை அதைத்தானே சொன்னார்?

அரை நாள் லீவு போட்டேன். அந்த நேரத்துக்கு ஆபீஸ் பஸ் கிடையாது. ஈசிஆர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கணக்கு தப்பாக இருந்தால் அவருடைய காது போய்விட்டது என்று அர்த்தம். கணக்கு சரியாக இருந்தால், இத்தனை நாளும் நல்ல காதை வைத்துக்கொண்டிருந்த மனுஷனைக் கெட்டுப்போனவர் என்று நம்ப வைத்தது நான். குற்றம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கு வேண்டிக்கொண்ட மாதிரி வாழ்க்கையில் எதற்கும் வேண்டிக்கொண்டதில்லை. பூஞ்சேரி தாண்டியும் டிக்கெட்டைக் கையில் கசக்கிக்கொண்டே இருந்தேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாம்மா, இந்நேரத்துக்கு?" என்று கேட்டார். சிந்தசைசர் மேல் மறுபடி கிடந்த துணியை எடுத்தேன். எல்லாவற்றையும் ஆன் செய்தேன். இந்த முறை வயரைப் பிடுங்கவில்லை. ஓட்டையின் ஓரத்தில் முனையை வைத்துக் கடைசிப் பொத்தானைத் தட்டினேன்.

4.95.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "என் தப்புங்க" என்றேன். "நான் போட்ட ரெசிஸ்டர். வயரைப் பிடுங்கிட்டு அளந்தேன், அதான் தெரியல. நீங்க சொன்னதுதான் சரி. மேல போகப் போக இறங்குது."

அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டாக்டரு உன்னாண்ட இன்னா சொன்னாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினியா?"

நான் மீட்டரை அணைத்தேன்.

"நானும் போன்ல படிச்சேன். வலது பக்கம் அடிபட்டா இன்னா ஆவும்னு. நீ அன்னிக்கு அந்த மீட்டர மூஞ்சிக்கு நேரா காட்டுன பாரு, அத்தோட முடிஞ்சிச்சி. காது பூட்ச்சின்னு நானே முடிவு பண்ணிகினேன். இருவது நாளு. ராத்திரி பகலா அதான். வூட்ல இன்னும் இன்னா இன்னா எனக்குத் தப்பா கேக்குதோன்னு..." உடனே கோபம் வந்துவிட்டது. "ஒரு வாட்டி, ஒரே ஒரு வாட்டி, இவன் சொல்றது நெசமா இருக்குமோன்னு தோணலயா உனுக்கு?"

தோன்றவில்லை. அதுதான் உண்மை. அதை அவரிடம் சொன்னேன். சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. வெட்கத்திலா, நிம்மதியிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் எழுந்து இழுத்து இழுத்து நடந்து பால்கனிக்குப் போனார். கீழே பட்டறையில் உளிச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வெகுநேரம் அங்கேயே நின்றார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சால்டரிங் அயர்னைச் சூடாக்கினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

சரிசெய்வது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ரெசிஸ்டரை எடுக்க வேண்டியதுகூட இல்லை. வெளியே போன அளவைச் சில்லுக்குத் திருப்பிக் காட்டுகிற வயரை ரெசிஸ்டருக்கு முன்னாலிருந்து எடுக்காமல் பின்னாலிருந்து எடுத்தால், நடுவில் தின்னப்படுவதை அந்தச் சில்லே சேர்த்துக் கொடுத்துவிடும். முதலிலேயே அப்படிச் செய்திருக்க வேண்டும். இருபது நிமிடத்தில் முடித்தேன். கடைசியாக ஒரு சின்ன திருகை நுனி ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி, அளவை மட்டும் நிலைநிறுத்த வேண்டும். நான் மீட்டரை எடுத்தபோது அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"அத்த உள்ள வெய்யி. நான் சொல்ற வரிக்கும் திருப்பு."

வைத்தேன். அவர் அடிநாதத்தை எழுப்பிவிட்டு, மேல்வரிசையின் கடைசிப் பொத்தானைத் தட்டினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏத்து. இன்னும். இன்னும் ஒரு பொட்டு. ஐய, தாண்டிட்ட. எறக்கு. நிறுத்து."

நிறுத்தினேன். எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அவர் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போனார். மறுபடி மேலிருந்து கீழே வந்தார். அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, வேர்த்துக் கொட்டுது என்று குளிக்கப் போனார்.

எழுதவே கூச்சமாக இருக்கிறது. குழாய்ச் சத்தம் கேட்டதும் நான் மீட்டரை எடுத்தேன். பத்தொன்பது வருடப் புத்தி. அதை ஆன் செய்யும்போது 'கீ' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். முனையை வைத்துப் பார்த்தேன். குழாய் நின்றது.

"இன்னா காட்டுது?" என்று குளியலறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அஞ்சு புள்ளி பூஜ்யம் ஒண்ணு."

"அப்போ மீட்டரு தப்பு" என்றார். குழாயைத் திறந்துவிட்டார்.

மறுநாள் அவர் செங்கல்பட்டுக்கு வர மாட்டேன் என்றார். நானும் கட்டாயப்படுத்தவில்லை. மீட்டரை அதன் உறையில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போய், சரிபார்க்கும் பிரிவில் கொடுத்துவிட்டு வந்தேன்.